ஆக்சிடென்ட் கேஸுக்கு நான் வச்ச வக்கீல்: 5-க்கு 4 ஸ்டார்

மிக்ஸிக்கு ரிவியூ எழுதியிருக்கேன், மெத்தைக்கு எழுதியிருக்கேன், ஊட்டில தங்கின ஒரு லாட்ஜுக்கு மூணு பக்கம் திட்டி எழுதியிருக்கேன். வக்கீலுக்கு ரிவியூ எழுத வேண்டி வரும்னு கனவுலயும் நினைக்கலீங்க. பேரைப் போடல. போடட்டுங்களான்னு கேட்டதுக்கு அவரே வேண்டாம்னுட்டார், வக்கீலுங்க விளம்பரம் பண்ணிக்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் 36 இருக்குதாம். அதனால "நம்ம வக்கீல்"னே வச்சுக்குவோம். கோயமுத்தூர்காரர், வயசு அம்பது இருக்கும், கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு மாடிப்படிக்குக் கீழ தான் ஆபீஸ், ஃபேன் போட்டா பேப்பர் பறக்குதுன்னு ஃபேனே போட மாட்டார்.

கதை இதுதான். 2024 செப்டம்பர்ல ஒரு நாள் ராத்திரி ஏழே முக்கால் இருக்கும், மேட்டுப்பாளையம் ரோட்டுல பைக்ல வீட்டுக்கு வந்துட்டு இருக்கேன். நம்ம ஊர்ல சிக்னலை எல்லாம் எடுத்துட்டு யூ டர்ன் வச்சாங்க இல்ல, அது மாதிரி ஒரு கட்டுல (திரும்பறதுக்கு மீடியன்ல விட்ட இடைவெளி) ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி ரெண்டு தவிட்டு மூட்டையை வச்சுக்கிட்டு ராங் சைடுலயே வந்து குறுக்க திரும்பிட்டார். பிரேக் புடிச்சேன், பின் சக்கரம் இழுத்துச்சு, அவ்வளவு தான் ஞாபகம் இருக்கு, அப்புறம் பார்த்தா நான் ரோட்டுல உக்காந்திருக்கேன், ஹெல்மெட் கண்ணாடி பொளந்து தொங்குது, வாயெல்லாம் தவிடு. பெரியவர் அந்தப் பக்கம் தோளைப் புடிச்சுக்கிட்டு "அய்யோ சாமி, அய்யோ சாமி"ங்கறார். 108-க்கு ஃபோன் பண்ணி அவரை முதல்ல ஏத்தி விட்டோம், நான் ஃப்ரெண்டு வண்டில போனேன். எனக்கு முட்டி பேந்து மணிக்கட்டு சுளுக்கு, அவருக்கு காறை எலும்பு முறிஞ்சு போச்சு.

தப்பு அவர் பேர்ல, நாம எதுக்கு பயப்படணும்னு தான் நினைச்சுட்டு இருந்தேன். அடுத்த நாள் அவர் பையன் கம்ப்ளைண்ட் குடுத்து எஃப்ஐஆர் ஆயிருச்சு, நான் தான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். பொதுவா ரெண்டு வண்டி மோதுனா பெரிய வண்டிக்காரன் மேல, இல்லைன்னா அடி கம்மியா பட்டவன் மேல கேஸ் வரும்னு ஊர்ல சொல்லுவாங்க, அதை நான் முழுசா அனுபவிச்சேன். எஃப்ஐஆரை காவல்துறை வெப்சைட்லயே எடுத்துப் படிச்சேன், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து"ன்னு இருந்துச்சு. அந்த ரெண்டு வார்த்தையைப் படிச்சதும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, தமிழ்நாட்டுல எந்த ஆக்சிடென்ட் எஃப்ஐஆரை எடுத்தாலும் இந்த ரெண்டு வார்த்தையும் ஜோடியாத் தான் இருக்கும், கல்யாணப் பத்திரிகைல "சுற்றமும் நட்பும் சூழ" மாதிரி.

முதல்ல போனது இந்த வக்கீல்கிட்ட இல்லீங்க. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர்னு இன்னொருத்தர்கிட்ட போனேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்ல. "சார்ஜ் ஷீட் போட்டு சம்மன் வரும், போய் ஒத்துக்கங்க, ஃபைன் கட்டுங்க, அன்னைக்கே முடிஞ்சிரும், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, எட்டாயிரம் குடுங்க"ன்னார். நிம்மதியாத் தான் இருந்துச்சு, பொய் சொல்லல. எனக்கு வேலை டெக்ஸ்டைல் மெஷின் சர்வீஸ், வருஷத்துக்கு மூணு நாலு தடவை வெளிநாடு போகணும், பாஸ்போர்ட்டும் 2025-ல முடியுது. எப்படியாச்சும் சீக்கிரம் முடிஞ்சா சரின்னு இருந்தேன். எங்க கம்பெனி ஹெச்ஆர் அக்கா தான் "எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டு ஒத்துக்கோ, விசா ஃபார்ம்ல தண்டனை வாங்கிருக்கியான்னு ஒரு கட்டம் இருக்கும்டா"ன்னு சொல்லி இவர் நம்பரைக் குடுத்தாங்க.

இனி நம்ம வக்கீல். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சார், அதுல முக்கால் மணி நேரம் வெளிய வெயிட்டிங். உள்ள போனதும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அந்த முக்குல பேக்கரி இருக்குதுங்களா?" இருக்குதுங்கன்னேன், கோயமுத்தூர்ல பேக்கரி இல்லாத முக்கு எங்க இருக்கு. "கேமரா இருக்குமே, போய் கேட்டீங்களா?" கேக்கல. அன்னைக்கு ஆக்சிடென்ட் ஆகி பதினோரு நாள். ஓடிப் போய் கேட்டா பேக்கரிக்கார அண்ணன் "ஏழு நாளைக்கு மேல நிக்காதுங், மேல மேல அழிஞ்சிரும்"ங்கறார். அந்த முதல் வக்கீல் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா எனக்கு 16 மாசம் மிச்சமாயிருக்கும். நானும் கேட்டிருக்கணும், யாருக்குத் தோணுச்சு, முட்டில கட்டோட வலில கெடந்தேன்.

அப்புறம் செக்‌ஷனை எல்லாம் புரியற மாதிரி சொன்னார், இதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம். 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துருச்சு இல்லீங்களா, பழைய 279 இப்போ 281, பொது ரோட்டுல கண்மூடித்தனமா ஓட்டறது. அதுக்கு அதிகபட்சம் 6 மாசம் இல்லைன்னா 1,000 ரூபா ஃபைன், இல்ல ரெண்டும். அதோட சேர்த்து காயத்துக்கு ஒரு செக்‌ஷன் போடுவாங்க. சாதாரண காயம்னா 125 ஏ, அதுவும் 6 மாசம் தான், ஃபைன் 5,000 வரைக்கும். ஆனா எலும்பு முறிஞ்சா அது சட்டத்துல கொடுங்காயம், அப்போ 125 பி. பழைய 338-ல இதுக்கு 2 வருஷம், 1,000 ஃபைன்னு இருந்தது, புதுசுல 3 வருஷம், 10,000 ஆயிருச்சு. எனக்கு எஃப்ஐஆர்ல 125 ஏ தான் இருந்துச்சு. "டாக்டர் காயச் சான்று வந்ததும் பி-யா மாத்துவாங்க, அப்போ பதறாதீங்க, இப்பவே சொல்லி வச்சுடறேன்"ன்னார். அதே மாதிரி மாத்துனாங்க. நான் பதறுனேன், அது வேற விஷயம்.

ரெண்டு செக்‌ஷனும் ஜாமீன்ல விடக்கூடியது தான். நோட்டீஸ் குடுத்துக் கூப்பிட்டாங்க, போனோம், ஜாமீன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு ஒரு மணி நேரத்துல வெளிய வந்துட்டோம். ஸ்டேஷன்ல மரியாதையாத் தான் நடத்துனாங்க, டீ கூட குடுத்தாங்க. வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து முடிச்சதும் விட்டாங்க. ஓன் டேமேஜ் இன்சூரன்ஸ் (நம்ம வண்டி சேதத்துக்கானது) ரெண்டு வருஷமா கட்டாததால ஃபோர்க்கு, ஹேண்டில்பார், டேங்க் எல்லாம் சேர்த்து 14,600 கைக்காசு. அப்பறம் தேர்ட் பார்ட்டி, நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ். பைக் வாங்கினது 2019 அக்டோபர், 2018 செப்டம்பர்ல இருந்து புது டூ வீலருக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயமா சேர்ந்தே வருது இல்ல, அந்த அஞ்சு வருஷம் முடிய இன்னும் 19 நாள் தான் பாக்கி. வக்கீல் பாலிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "உங்க குலசாமி எதுங்க?"ன்னு கேட்டார். இருவது நாள் கழிச்சு மோதியிருந்தா பெரியவர் போடற நஷ்டஈட்டுக் கேஸ் முழுசும் என் தலைல. இதைப் படிக்கறவங்க தயவுசெஞ்சு இப்பவே போய் உங்க பாலிசி தேதியைப் பாருங்க, அப்பறமேல் வந்து மிச்சத்தைப் படிச்சுக்கலாம்.

ஒத்துக்கலாமா வேண்டாமாங்கறதுல இவர் பண்ணது தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஒத்துக்காதீங்கன்னு அடிச்சு சொல்லல. ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுக் காமிச்சார். ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும், நிஜம் தான். ஆனா அது தண்டனை, ஃபைன் மட்டும்னாலும் தண்டனை தண்டனை தான், போலீஸ் வேலை, கவர்மெண்ட் வேலைன்னு போற பசங்களுக்கு இது பெரிய முள்ளு, எனக்கு விசா ஃபார்ம். ஒத்துக்கலைன்னா கேஸ் இழுக்கும், கோர்ட்டுல கேஸ் நடந்துட்டு இருக்கற வரைக்கும் பாஸ்போர்ட் சட்டம் 1967-ல 6(2)(எஃப்)னு ஒண்ணு குறுக்க நிக்கும், கோர்ட்டுல மனுப் போட்டு அனுமதி வாங்கித் தான் ரினியூ பண்ண முடியும், கோர்ட்டு இத்தனை வருஷம்னு சொல்லலைன்னா ஒரு வருஷத்துக்குத் தான் பாஸ்போர்ட் குடுப்பாங்க. சமாதானமாப் போலாமான்னு கேட்டேன். காயத்துக்கான செக்‌ஷனை அடிபட்டவர் சம்மதிச்சா கோர்ட் மூலமா முடிச்சுக்கலாம், ஆனா 281 சமாதானத்துல வராது, அதை ரத்து பண்ணணும்னா மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போகணும், அது தனி செலவுன்னார். "வீட்ல போய் சம்சாரத்துகிட்டப் பேசிட்டு திங்கக்கிழமை சொல்லுங்க, நான் சொல்ற முடிவு வேண்டாம், ஜெயிலுக்கோ ஏர்போர்ட்டுக்கோ போறது நீங்க"ன்னார்.

ஒரு விஷயத்தை அவர்கிட்ட சொல்லியே ஆகணும்னு இருந்துச்சு, இங்கயும் சொல்லிடறேன். மோதறதுக்கு முன்னாடி ஒரு செகண்டு, ஒண்ணரை செகண்டு, ஹேண்டில்பார்ல மாட்டியிருந்த ஃபோனைக் குனிஞ்சு பார்த்தேன். மேப் கூட இல்ல, யாரோ மெசேஜ் அனுப்பிருந்தாங்க. ஸ்பீடு 55, 60 இருக்கும். நிமிர்ந்தா எக்ஸெல். பார்க்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. வக்கீல் பேனாவை மூடி வச்சுட்டுக் கேட்டார், எழுதிக்கல. "எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கும். கோர்ட்டுல நீங்க பொய் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன், அவங்க நிரூபிக்கட்டும், அது அவங்க வேலை." எனக்கு அன்னைக்கு ராத்திரி தான் ஆக்சிடென்டுக்கு அப்பறம் ஒழுங்கா தூக்கம் வந்துச்சு.

பெரியவரைப் போய்ப் பார்க்கலாமான்னும் கேட்டேன். "பாருங்க, ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போங்க, ஆனா காசு கீசு குடுத்து எழுதி வாங்கற வேலை மட்டும் வேண்டாம், அது ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆகும், சாட்சியைக் கலைச்ச மாதிரியும் ஆகும்." போனேன். பையன் மூஞ்சி குடுத்துப் பேசல, நியாயம் தான். பெரியவர் கட்டுல கையைத் தூக்கி வச்சுக்கிட்டு "மாட்டுக்குத் தவிடு வாங்கப் போனேன் கண்ணு, சுத்திட்டு வரணும்னா ஒண்ணரை கிலோமீட்டர், யார் போறதுன்னு இப்படியே வந்துட்டேன்"ங்கறார். அவர் பையன் திரும்பிப் பார்த்தான், நானும் ஒண்ணும் சொல்லல.

2025 பிப்ரவரில சார்ஜ் ஷீட் போட்டாங்க, காப்பி கைக்கு வந்துச்சு. வக்கீலோட நிஜமான வேலை இங்க தான் ஆரம்பிச்சுது. பார்வை மகஜர், மாதிரி வரைபடம்னு ரெண்டு பேப்பர் இருக்கும், ஸ்பாட் எப்படி இருந்துச்சுன்னு எழுதி வரைஞ்சு வைக்கறது. அந்த வரைபடத்தை எடுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு என்னை ஸ்பாட்டுக்கு வரச் சொன்னார். நான் போனப்ப பேக்கரி வாசல்ல டீயும் தேங்கா பன்னும் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கார், வேட்டி, பனியன் தெரியற சட்டை, பைல ஒரு இஞ்ச் டேப். ரோட்டை அளந்தார். ட்ராஃபிக் கம்மியா இருக்கும்போது மீடியன்ல இருந்து ஓரம் வரைக்கும் ஒருக்கா, கட்டோட அகலம் ஒருக்கா. வரைபடத்துல மீடியன் கோடு நேரா போகுது, கட்டே இல்ல. மோதுன இடத்துக்குப் பெருக்கல் குறி போட்டிருக்காங்க, அது எந்த ஓரத்துல இருந்து எத்தனை அடின்னு இல்ல. கட்டு இல்லாத ரோட்டுல எக்ஸெல் எப்படி குறுக்க வந்துச்சு, வானத்துல இருந்து எறங்குச்சா? இதை அவர் அங்க நின்னு என்கிட்ட விளக்கிட்டு இருக்கும்போதே அதே கட்டுல ராங் சைடுல மூணு வண்டி வந்து திரும்புச்சு. ஒண்ணுல ஸ்கூல் யூனிஃபார்ம்ல ரெண்டு குழந்தைங்க, ஞாயித்துக்கிழமை எந்த ஸ்கூலோ.

இன்னொண்ணு, பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். ரெண்டு வண்டிக்கும் தனித்தனியா இருக்கும், கடைசில "இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை"ன்னு ஒரு வரி வரும், எல்லாரும் அந்த வரியை மட்டும் பார்த்துட்டு மூடி வச்சுருவாங்க. இவர் எக்ஸெல் ரிப்போர்ட்டை மேல இருந்து படிச்சார். சேதம்: முன் மட்கார்டு நசுங்கல், வலது ஃபுட்ரெஸ்ட் வளைவு. ஹெட்லைட் கண்ணாடி உடைஞ்சதா எங்கயும் இல்ல. ஆனா கீழ இன்னொரு கட்டத்துல ஹெட்லைட் எரியலைன்னு இருக்கு. கண்ணாடி முழுசா இருக்கு, லைட் எரியல, அப்போ மோதுனதுல போனதில்ல, முன்னாடியே போயிருக்கணும். 2017 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த டூ வீலர்னா இன்ஜின் ஓடுனா லைட் தானா எரியும், பெரியவரோடது அதுக்கு ரொம்ப முந்துன வண்டி. எஃப்ஐஆர்ல நேரம் 6.30-னு இருக்கு, ஆஸ்பத்திரி ஏஆர் காப்பில (விபத்துப் பதிவேடு) பெரியவரைக் கொண்டு வந்தது 8.10. 108 பதினஞ்சு நிமிஷத்துல வந்துச்சு, அங்க இருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். ஆறரைன்னா வெளிச்சம், ஏழே முக்கால்னா இருட்டு. நாலு பேப்பரை டேபிள் மேல பக்கத்துப் பக்கத்துல வச்சு விரலை வச்சுக் காமிச்சப்ப எனக்கு சிலிர்த்துருச்சுங்க. நான் மெஷின் ரிப்பேர்க்காரன், ஒரு மெஷின் ஏன் நின்னுச்சுன்னு லாக் ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கற அதே வேலை இது.

லைசென்ஸ் விஷயத்துல மட்டும் என் வாயை அடைச்சார். பெரியவருக்கு லைசென்ஸே இல்ல, அதை வச்சு அடிக்கலாமேன்னு குதிச்சேன். "லைசென்ஸ் இல்லாதது தனி குற்றம் தம்பி, அதனால மட்டும் விபத்துக்கு அவர் தான் காரணம்னு ஆயிடாது. அதைப் புடிச்சுத் தொங்குனா நம்மகிட்ட வேற சரக்கு இல்லைன்னு அர்த்தம்."

இனி குறை. ஃபோன் எடுக்க மாட்டார். மாட்டார்னா மாட்டார். பதினாறு மாசத்துல நான் பண்ண ஃபோன்ல அஞ்சுல ஒண்ணு எடுத்திருப்பார். வாட்ஸ்அப்ல ரெண்டு டிக்கு நீலமாகும், பதில் வராது. "திங்கக்கிழமை சொல்றேன்"ங்கறது அவர் வாயில வர்ற "ஓம்" மாதிரி. அடுத்த வாய்தா எப்போன்னு தெரியாம ரெண்டு தடவை லீவு போட்டு வீணாப் போச்சு, அப்பறம் ஜூனியர் பொண்ணு தான் ஈ-கோர்ட்ஸ் ஆப்பைப் போட்டுக் குடுத்துச்சு. கேஸுக்கு 16 எழுத்து எண்ல சிஎன்ஆர் நம்பர்னு ஒண்ணு இருக்கு, அதை அடிச்சா வாய்தா தேதி நம்மளே பார்த்துக்கலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா. அந்தப் பொண்ணுக்குத் தனியா அஞ்சு ஸ்டார், பாஸ்போர்ட்டுக்கு அனுமதி மனு போட்டு, ஆர்டர் வாங்கி, ஆபீஸ்ல என்ன காமிக்கணும்னு எழுதியே குடுத்துச்சு. எனக்கு ஒரு வருஷ பாஸ்போர்ட் கிடைச்சுது, பாதி டூரை சமாளிச்சேன், ஒரு டூர் போச்சு.

ஃபீஸ் 30,000, மூணு தவணை. வக்காலத்துல கையெழுத்துப் போடறப்ப 10, சார்ஜ் ஷீட் காப்பி வந்தப்ப 10, விசாரணை ஆரம்பிக்கறப்ப 10. இதுபோக ஜெராக்ஸ், ஸ்டாம்ப்னு ஒரு ரெண்டாயிரம். பாஸ்போர்ட் மனுவுக்குத் தனியா கேக்கல. அந்த எட்டாயிரத்தோட பார்த்தா அதிகம் தான். வசதி இல்லாதவங்க கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல போய்க் கேளுங்க, இலவசமாவே வக்கீல் வச்சுக் குடுப்பாங்க, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி ஆளுங்களுக்கும் வருமானமே பார்க்க மாட்டாங்க. இதை எனக்குச் சொன்னதும் இதே வக்கீல் தான், காசு வாங்கறதுக்கு முன்னாடியே சொன்னார்.

குற்றச்சாட்டைப் படிச்சுக் காமிச்சு "ஒத்துக்கறீங்களா"ன்னு மாஜிஸ்ட்ரேட் ஐயா கேட்ட அன்னைக்கு எனக்கு முன்னாடி ஆறு பேர் வரிசையா ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டப் போனாங்க. என் முறை வந்தப்ப தொண்டை வறண்டு போச்சு. "இல்லீங்க ஐயா"ன்னு நான் சொன்னது எனக்கே கேக்கல, திரும்ப சொல்லச் சொன்னாங்க.

சாட்சி விசாரணை அன்னைக்கு முதல் ஆளு பையன், அவர் ஸ்பாட்டுலயே இல்ல, அது சீக்கிரம் முடிஞ்சுது. ரெண்டாவது பெரியவர். மூணாவது பார்த்த சாட்சின்னு ஒருத்தர், பக்கத்துல பஞ்சர் கடை. பஞ்சர் கடைக்காரர் "அதிவேகமா வந்து மோதுனார்"னு சொன்னார். நம்ம வக்கீல் எழுந்தார், சத்தமே போடல, சினிமால வர்ற மாதிரி எல்லாம் ஒண்ணும் இல்ல, ஏதோ விலை விசாரிக்கற மாதிரி கேக்கறார்.

"எத்தனை கிலோமீட்டர் ஸ்பீடு இருக்குங்க?"
"அது தெரியாதுங்."
"அந்த ரோட்டுல மத்த வண்டி எல்லாம் என்ன ஸ்பீடு போகுங்க?"
"எல்லாம் வேகமாத் தானுங் போகும்."
"நீங்க எப்போ பார்த்தீங்க, மோதறதுக்கு முன்னாடியா, சத்தம் கேட்டப்பறமா?"
"சத்தம் கேட்டுத் தானுங் திரும்புனேன்."

உக்காந்துட்டார். அவ்வளவு தான். அப்பறம் வாதத்துல 1998-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன கர்நாடக அரசு எதிர் சதீஷ் கேஸை எடுத்து வச்சார், வேகம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், "அதிவேகம்"னு ஒரு சொல்லை மட்டும் வச்சு அஜாக்கிரதைன்னு முடிவு பண்ண முடியாதுன்னு அதுல இருக்கு.

ஆனா கேஸை முடிச்சு வச்சது அது இல்லீங்க, பெரியவர் தான். முதல் விசாரணைல, அரசு வக்கீல் கேக்கறப்ப, வழக்கமா சொல்ற மாதிரி தான் சொன்னார், பைக் வந்து மோதுச்சு, கீழ விழுந்தேன். வக்கீல் குறுக்கு விசாரணைல ஸ்பாட்டுல கட்டு இருக்குதுங்களான்னு கேட்டார், இருக்குதுங்கன்னார். வரைபடத்துல இல்லையேன்னார், அது எனக்குத் தெரியாதுங்கன்னார். "நீங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்து திரும்புனீங்க?" பெரியவர் பையனைப் பார்த்தார், அப்பறம் என்னைப் பார்த்தார், அந்தத் தோளை இன்னொரு கையால புடிச்சுக்கிட்டே "எதுக்கப் பொய் சொல்லோணும், ராங் சைடுல தானுங் சாமி வந்தேன்"ன்னார். கோர்ட்டுல டைப் அடிக்கற சத்தம் மட்டும் தான். நம்ம வக்கீல் ஹெட்லைட்டைக் கேக்கவே இல்ல. அத்தனை பேப்பரையும் வச்சுக்கிட்டு "வேற கேள்வி இல்லீங்க"ன்னு உக்காந்துட்டார். வெளிய வந்து ஏன் கேக்கலைன்னு சண்டைக்கே போனேன். "அந்த மனுசன் நஷ்டஈட்டுக் கேஸ் போட்டிருக்கார் இல்லீங்களா, அங்க அவர் பேர்லயும் பாதித் தப்புன்னு சொல்லிக் காசைக் கொறைப்பாங்க. நமக்கு வேண்டியதை அவரே குடுத்துட்டார், மேல போட்டு மிதிக்கணுங்களா?"

விடுதலை. தீர்ப்புல "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து"ன்னு இருக்கு, எனக்கு அந்த வரி கொஞ்சம் உறுத்துச்சு, தப்பே பண்ணலைன்னு எழுதியிருக்கக் கூடாதான்னு. அப்பறம் அந்த மெசேஜைக் குனிஞ்சு பார்த்த ஒண்ணரை செகண்டை நினைச்சுப் பார்த்தேன், சரி, எழுதியிருக்கறது கரெக்டாத் தான் இருக்குன்னு விட்டுட்டேன். ஹேண்டில்பார்ல இருந்த ஃபோன் ஹோல்டரைக் கழட்டியாச்சு.

நஷ்டஈட்டுக் கேஸ் தனியா ட்ரிப்யூனல்ல (விபத்து நஷ்டஈட்டுக்கான தனி கோர்ட்டு) ஓடிட்டு இருக்கு, அதை இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பார்த்துக்கறார். இங்க விடுதலை ஆனதால அங்க பெரியவருக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு இல்லையாம், அங்க அளவுகோல் வேற, சந்தேகம் இல்லாம நிரூபிக்கணும்ங்கற கட்டாயம் இல்ல. அவருக்குக் கிடைக்கட்டும், கை இன்னும் முழுசாத் தூக்க வரலைன்னு கேள்விப்பட்டேன்.

ஆக 5-க்கு 4. அந்த ஒரு ஸ்டாரைப் புடிச்சு வச்சிருக்கறது முழுக்க முழுக்க ஃபோனுக்காக. பாஸ்போர்ட்டை முழு பத்து வருஷத்துக்கு ரினியூ பண்ண தீர்ப்போட சர்ட்டிஃபைட் காப்பி வேணும், மனுப் போட்டாச்சான்னு மூணு வாரமா கேட்டுட்டு இருக்கேன். திங்கக்கிழமை சொல்றேன்னார். இன்னைக்கு வியாழன், நேத்து அனுப்புன மெசேஜ்ல ரெண்டு டிக்கும் நீலமா இருக்கு.